சுரைக்குடுக்கைக் குடித்தனம்

தை பிறந்துவிட்டால் எனக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கும் வியாதி வந்துவிடும். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் எங்கள் வீடு. கொல்லையில் பதினான்கு அடி உயர இரும்புக் கம்பம். அதன் தலையில் குடைக்கம்பி மாதிரி விரிந்த பன்னிரண்டு கைகள். கைக்கு ஒன்றாக வெள்ளையடித்த சுரைக்குடுக்கைகள். முதல்முறை வந்த நண்பர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய் போதாதா சார்?" என்று கேட்டார்.

அது பர்பிள் மார்ட்டின் என்ற பறவைக்கு நான் விட்டிருக்கும் வீடு. தகைவிலான் இனம், வட அமெரிக்கத் தகைவிலான்களில் இதுதான் உருவத்தில் பெரியது. அதுவும் 50 கிராம் சொச்சம்தான். ஆண் பறவை நிழலில் கறுப்பாக இருக்கும். வெயில் பட்டால் கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஊதா மின்னும். குளிர்காலத்துக்குப் பிரேசில் பக்கம் போய்விட்டு, குஞ்சு பொரிக்க இங்கே வருகிறது. ஜனவரிக் கடைசியில் எங்கள் வளைகுடாக் கரையில் முதல் பறவை தலைகாட்டும். பென்சில்வேனியாக்காரர்கள் ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு இடம் கொடுப்பவர்களை இங்கே லேண்ட்லார்ட் என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்காரர். பெயர்தான் பெரிய பெயர். வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு, பாம்புக்காவல் எல்லாம் நம் தலையில். ஆனால் இந்த வீட்டுக்காரர்கள் இல்லையென்றால் ராக்கி மலைக்குக் கிழக்கே இந்தப் பறவைக்குக் குடியிருக்க இடமில்லை. மேற்கே இன்னமும் மரங்கொத்தி விட்டுப்போன பொந்திலும், அரிசோனாவின் சகுவாரோ கள்ளிகளிலும் கூடு வைக்கிறது. கிழக்கில் அநேகமாக முழுக்க முழுக்க மனிதன் மாட்டிவைக்கும் பெட்டியிலும் குடுக்கையிலும்தான். பழக்கிவிட்டவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். சாக்டா, சிக்கசா மக்கள் குடிசைக்குப் பக்கத்தில் ஓர் இளமரத்தின் மேல்கிளைகளை நறுக்கி, விட்டுவைத்த கவைகளில் குடுக்கைகளைத் தொங்கவிட்டிருந்ததைப் பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். பிறகு தென்மாநிலத்துக் குடியானவர்கள், வெள்ளையரும் கறுப்பரும், அதையே செய்தார்கள். நம் ஊர்க் கரிச்சான் காக்கையை விரட்டுவது மாதிரி மார்ட்டின் பருந்தை விரட்டும், கோழிக்குஞ்சு பிழைக்கும் என்று கணக்கு.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெரியவர். கிழக்கு டெக்ஸாஸில் அவருடைய அப்பாவும் தாத்தாவும் குடுக்கை கட்டியவர்கள். 2010-ல் ஒரு மாலை அவர் வீட்டு வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டு ஒரு குடுக்கையைக் கையில் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது நம்முடைய சுரைக்காய். தாவரநூலிலும் ஒரே பெயர், லாஜனேரியா சிசெரேரியா. நாம் பிஞ்சில் பறித்துக் கூட்டு வைக்கிறோம், அவர்கள் முற்றவிடுகிறார்கள். நம்மிலும் முற்றவிட்டவர்கள் உண்டு. விதை போட்டுவைக்க என் பாட்டியிடம் பரண் நிறையக் குடுக்கைகள் இருந்தன. நான் நீச்சல் பழகியதே இடுப்பில் இரண்டு குடுக்கையைக் கட்டிக்கொண்டுதான். இந்தத் தொழில் எனக்கு வந்துவிடும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

வரவில்லை. புத்தகங்கள் வாங்கி வரிவிடாமல் படித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது குடுக்கைக்கும் பொருந்தும் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் பாடம் பூசணம். விதை ஏப்ரலில் போட்டால் கொடி கோடை முழுக்க ஓடி, அந்தியில் வெள்ளைப் பூ பூத்துக் காய்க்கும். கொடி தானாக வாடி, காம்பு பழுப்பாகும்வரை காயில் கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பறித்தால் சுருங்கி நெளிந்துபோகும். அதுவரை பொறுமையாகத்தான் இருந்தேன். பறித்துக் கராஜில் பலகைமேல் அடுக்கினேன். மூன்றாவது வாரம் எல்லாக் காயிலும் கறுப்பும் சாம்பலுமாகப் பூசணம் பூத்து, கராஜே நாற்றமெடுத்தது. அழுகிவிட்டது என்று பாதியைக் குப்பையில் போட்டேன். பெரியவர் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். பூசணம் பூப்பது காய்வதற்கு அடையாளமாம். விரலால் அமுக்கினால் அமுங்குகிறதே, அதுதான் அழுகல். மிச்சமிருந்ததை மார்ச்வரை தொடாமல் வைத்தேன். ஒருநாள் எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று விதை பேசியது. தூக்கிய கைக்கு எடையே தெரியவில்லை.

இரண்டாவது பாடம் வாசல். காய்ந்த குடுக்கையை ஓர் இரவு நீரில் ஊறவைத்துப் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் மேல்தோலைச் சுரண்டினால் சந்தன நிறத்தில் ஓடு தெரியும். உடனே துளையிடக் கை பரபரக்கும். கூடாது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அது தானாக எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குடுக்கையும் ஒரு பக்கம் சாயும். நின்ற நிலையில் வயிறு எங்கே அதிகமாகப் பிதுங்கியிருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. அங்கேதான் வாசல். கொஞ்சம் மேலே போனால் வாசல் வானத்தைப் பார்க்கும், மழை உள்ளே இறங்கும். என் முதல் குடுக்கை அப்படிப்பட்ட ஒரு தண்ணீர்க்குடம்.

பழைய காலத்து வாசல் இரண்டே காலங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த வட்டம். இப்போது நாங்கள் வைப்பது பிறை. மூன்று அங்குல அகலம், உயரம் 30 மில்லிமீட்டர், கீழ்விளிம்பு தட்டை. மார்ட்டினுக்குக் கால் குட்டை. வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நழுவிவிடும். ஸ்டார்லிங் என்ற மைனா இனத்துப் பறவைக்கு மார்பு முட்டும். உயரம் இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் அது புகுந்துவிடும். அதனால் நான் வாசலைக் கையால் வெட்டுவதில்லை. அச்சாக வெட்டிய பிறைத்தகடு வாங்கித் திருகுகிறேன்.

விதையையும் நாரையும் சுரண்டி எடுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். ஒருமுறை அலட்சியமாக இருந்து பத்து நாள் இருமினேன். அடியில் நீர் வடிய நாலைந்து ஓட்டை. பக்கவாட்டில் நம் கை போகிற அளவுக்கு ஒரு துளை, அதற்குத் திருகுமூடி. கூட்டைப் பார்ப்பதும் மாற்றுவதும் அதன் வழியாக. பிறகு மயில்துத்தம் கரைத்த நீரில் கால்மணி நேரம் முக்கினால் ஓடு உளுத்துப்போகாது. உலர்ந்ததும் வெள்ளை எனாமல் இரண்டு பூச்சு. டெக்ஸாஸ் வெயிலில் வெள்ளைதான் குஞ்சைக் காப்பாற்றும். கம்பத்தில் இப்போது தொங்குவதில் மூத்ததற்கு வயது பதினொன்று. கடையில் பிளாஸ்டிக் குடுக்கையும் கிடைக்கிறது, கழுவ சுலபம். பறவைக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஒன்றாகப்படவில்லை.

எல்லாம் கட்டி ஏற்றிய பின் இரண்டு வருஷம் ஒரு பறவையும் இறங்கவில்லை. விடியுமுன் ஆண் மார்ட்டின் உயரத்தில் பறந்தபடி பாடும்; அது இளம்பறவைகளை அந்த இடத்துக்கு இழுக்கும் என்று அறிந்து, பதிவு செய்த பாட்டைக் காலை நாலரைக்கு ஒலிபெருக்கியில் வைத்தேன். அடுத்த வீட்டுக்காரர் மூன்றாம் நாளே வந்துவிட்டார். பெரியவர் ஒருநாள் வந்து கம்பத்தையும் பார்த்தார், பக்கத்திலிருந்த ஓக் மரத்தையும் பார்த்தார். தப்பு அங்கே இருந்தது. இந்தப் பறவை சுற்றிலும் நாற்பது அடிக்கு மரமில்லாத வெட்டவெளி கேட்கும்; மரத்தில் பதுங்கும் பருந்துக்கு அத்தனை பயம். மனிதர் நடமாடும் வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். நான் வீட்டை விட்டுத் தள்ளி, மரத்தை ஒட்டிக் கம்பம் நட்டிருந்தேன். குழந்தைகள் விளையாடும் புல்வெளியின் நடுவே மாற்றி நட்டேன். 2013 ஏப்ரலில் ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது.

என் மனைவி இதற்கெல்லாம் சம்மதித்தது கொசுவை நம்பி. மார்ட்டின் ஒரு நாளைக்கு 2,000 கொசு தின்னும் என்று ஒரு பேச்சு இங்கே இன்னமும் உலவுகிறது. இல்லினாய் மாநிலத்துக் கிரிக்ஸ்வில் ஊரில் 1960-களில் அலுமினிய மார்ட்டின் வீடு செய்து விற்ற ஜே. எல். வேட் என்பவரின் விளம்பரம் பரப்பிய கதை அது. ஹெர்பர்ட் கேல் என்ற ஆய்வாளர் 1968-லேயே இதை அலசி, ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். மார்ட்டின் பகலில், உயரத்தில் வேட்டையாடுவது. கொசு அந்தியில், நம் கணுக்காலைச் சுற்றி. சந்திப்பே நடக்காது. இது தின்பது தும்பி, வண்டு, சில்வண்டு, பறக்கும் எறும்பு. இங்கே நம் காலைப் பொசுக்குகிற நெருப்பெறும்பின் ராணிகள் இறக்கை முளைத்துக் கிளம்பும் நாளில் இதற்கு விருந்து. இதை என் மனைவியிடம் சொல்வதற்கு எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

கூடு பெரிய கலைப்பொருள் ஒன்றும் இல்லை. புல், குச்சி, வாசலோரம் கொஞ்சம் மண். ஆனால் முட்டையிடும் காலத்தில் பச்சை இலையைக் கிள்ளிக்கிள்ளிக் கொண்டுவந்து மெத்தை போடும். அந்த முதல் ஜோடி போட்டது என்ன இலை தெரியுமா? ஆறு டாலர் கொடுத்து வாங்கித் தொட்டியில் குழந்தை மாதிரி வளர்த்த எங்கள் கறிவேப்பிலை. மூடியைத் திருகித் திறந்தபோது குப்பென்று ரசம் தாளித்த வாசனை. அதன்மேல் ஐந்து வெள்ளை முட்டை.

அதிலிருந்து நோட்டுப்புத்தகம் தொடங்கியது. குடுக்கைக்கு எண் உண்டு. வாரம் ஒருமுறை கப்பி சுற்றிக் கம்பத்தை இறக்கி, ஒவ்வொன்றையும் திறந்து எழுதுவேன். பெட்டை பதினைந்து பதினாறு நாள் அடைகாக்கும். குஞ்சு நாலு வாரம் கூட்டில் இருக்கும். இருபத்திரண்டு நாளான குஞ்சைத் தொந்தரவு செய்தால் பறக்கத் தெரியாமலே குதித்துவிடும், ஆகவே அதன்பின் அந்தக் குடுக்கையைத் திறப்பதில்லை. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள் நம் ஊரில். மார்ட்டின் அப்படியில்லை. செள்ளும் ஈப்புழுவும் மண்டிய கூட்டை எடுத்துவிட்டுப் புதுச் சருகு போட்டு, குஞ்சுகளைத் திரும்ப வைத்து ஏற்றினால் பத்தாவது நிமிஷம் தாய் தும்பியோடு வந்து நிற்கும். ஒரு வருஷம் கம்பத்தின் பாம்புத் தகரத்தைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்தேன். ஒரே இரவில் மூன்று குடுக்கை காலி.

பாம்பின்மேல் எனக்குக் கோபமில்லை. என் சங்கடம் சிட்டுக்குருவி.

ஆம், நம் சிட்டுக்குருவிதான். 1850-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். 1890-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஸ்டார்லிங்கை விட்டார்கள். இரண்டும் கண்டம் முழுக்கப் பரவிப் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. ஸ்டார்லிங்கைப் பிறை வாசல் தடுக்கும். சிட்டுக்குருவி மார்ட்டினைவிடச் சிறியது. மார்ட்டின் நுழையும் எந்த வாசலிலும் அதுவும் நுழையும். அதற்குக் கதவே கிடையாது. 2014 மே மாதம் நாலாம் எண் குடுக்கையின் கீழே புல்லில் நாலு முட்டை கிடந்தன, ஒவ்வொன்றிலும் குண்டூசிக் குத்து மாதிரி ஒரு துளை. உள்ளே குருவி தன் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் எண்ணில் இரண்டு குஞ்சுகளின் மண்டை கொத்தப்பட்டிருந்தது.

பெரியவர் ஒரு கூண்டுப்பொறியை நீட்டினார். சட்டப்படி தடையில்லை; மார்ட்டினுக்கு 1918-ஆம் ஆண்டுப் பறவைச் சட்டத்தின் காவல் உண்டு, வந்தேறிக் குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் இல்லை. நான் வாங்கவில்லை. முன்கட்டில் குருவிக்கென்று நெற்கதிர்க் கொத்து தொங்கிய வீட்டில் வளர்ந்தவன் நான். என் மனைவி இன்னும் ஒருபடி மேல்: "குருவி ட்யூப்லைட் மேல கூடு கட்டிடுச்சுன்னா குஞ்சு பறக்குற வரைக்கும் எங்கப்பா ஃபேனே போடமாட்டார், சித்திரை வெயில்ல." போதாததற்கு ஊரில் செல்போன் டவர் வந்து சிட்டுக்குருவி அழிந்துபோச்சு என்று தங்கை போன் செய்யும்போதெல்லாம் வருத்தப்படுவாள். அவளிடம் நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று இன்றுவரை சொன்னதில்லை.

நடுவழி ஒன்று கண்டுபிடித்தேன். குருவி முட்டைகளை எடுத்து நன்றாகக் குலுக்கிவிட்டுத் திரும்ப வைத்தால் பொரிக்காது. குருவி வீணாக அடைகாத்துக்கொண்டிருக்கும். நான் குலுக்குவதை என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இரவு சாப்பாட்டின்போது, "கொன்னாக்கூடப் பரவால்லங்க. அது பாவம் உக்காந்துகிட்டே இருக்கு" என்றாள். மறுவாரம் ஆண்குருவி அடுத்த குடுக்கைக்கும் போயிற்று. அதற்குப் பிடிப்பு இடத்தின்மேல். கூட்டைக் கலைத்தால் அடுத்த நாளே மறுபடி கட்டும், சிலசமயம் ஆத்திரத்தில் பக்கத்துக் குடுக்கைகளிலும் புகுந்து கொத்தும். பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பொறியை வாங்கிவந்தேன். முதல் குருவியை அவர்தான் கையாண்டார். இரண்டாவதிலிருந்து நான். எத்தனை என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்; இங்கே எழுத மனமில்லை.

2021 பிப்ரவரியை டெக்ஸாஸில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். அந்த மாதம் 15-ஆம் தேதி விடிந்தபோது கொல்லை முழுக்கப் பனி, மின்சாரம் இல்லை, ஹூஸ்டனிலேயே அந்த வாரம் வெப்பம் மைனஸ் 10 பாகை வரை இறங்கியது. அதற்குள் எங்கள் கம்பத்துக்கு ஒன்பது மார்ட்டின்கள் வந்துவிட்டிருந்தன. பறக்கும் பூச்சி மட்டுமே தின்னும் பறவை. பூச்சி பறக்காத குளிரில் மூன்று நாலு நாள்தான் தாங்கும். ஃப்ரீஸரில் தேங்காய்த் துருவல் பாக்கெட்டுக்குப் பின்னால் இதற்கென்றே ஒரு பொட்டலம் கிரிக்கெட் பூச்சி வைத்திருந்தேன். தரையில் போட்டால் அதற்கு உணவென்று தெரியாது; பிளாஸ்டிக் கரண்டியை வளைத்து வானில் சுண்டிவிட வேண்டும், பறந்து வந்து கவ்வும். பழகிய பறவைக்கு. இவை பழகாதவை. என் மனைவி தீக்குச்சியால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் உப்பு இல்லாமல் முட்டையைக் கிளறிச் சிறுதுண்டுகளாக உதிர்த்துத் தந்தாள். இரண்டு பேரும் சால்வையோடு பனியில் நின்று பூச்சியும் முட்டையுமாகச் சுண்டினோம். இரண்டு பறவைகள் மட்டும் பிடித்தன.

புதன்கிழமை கம்பத்தை இறக்கினேன். ஏழாம் எண்ணின் மூடியைத் திறந்தால் ஊதாவும் சாம்பலுமாக ஒரே பந்து. ஐந்து பறவைகள், தலைகளை நடுவில் வைத்து ஒன்றின்மேல் ஒன்று அடைந்திருந்தன. ஒன்றிலும் சூடு இல்லை. மற்ற இரண்டு வேறு குடுக்கைகளில் தனித்தனியாக. என் மனைவி ஏழாம் எண்ணை இனி மாட்டவேண்டாம் என்றாள். மார்ச்சில் பின்வரிசைப் பறவைகள் வந்து இடம் போதாமல் சண்டையிட்டபோது அவளே எடுத்துவந்து கொடுத்தாள்.

பெரியவர் இப்போது இல்லை. அவருடைய கப்பியும் பொறியும் என்னிடம் இருக்கின்றன. ஜூன் கடைசியில் எங்கள் குடுக்கைகள் காலியாகும். பறவைகள் உடனே போய்விடுவதில்லை. வட்டாரத்து மார்ட்டின்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி இரவில் அடையும். விடியலில் அவை ஒரே வீச்சில் எழும்புவது வானிலை ராடாரில் வளையமாக விரியும். அப்புறம் தெற்கே. முதுகில் சிறு கருவி கட்டி அனுப்பிய ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. ஒரு பெட்டை அமேசானிலிருந்து பென்சில்வேனியாவுக்கு 7,500 கிலோமீட்டரை 13 நாளில் திரும்பியிருக்கிறது. அத்தனை தூரம் வந்து இறங்குகிற இடம் வைக்கோல் திணித்த குடுக்கையாக இருக்கக் கூடாது என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை.

கோயிலில் பார்க்கும் நம்மவர்கள் சிலர் குடுக்கை கேட்கிறார்கள், கொல்லைக்கு அழகாக இருக்கும் என்று. அழகுக்காகக் கட்டாதீர்கள். கட்டிவிட்டுப் பார்க்காமல் விட்ட குடுக்கை வருஷத்துக்கு மூன்று ஈடு சிட்டுக்குருவியைப் பெருக்கும், அவ்வளவுதான். போன டிசம்பரில் உடைத்த குடுக்கைகளின் விதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது. வாரம் தவறாமல் கம்பத்தை இறக்கிப் பார்ப்பேன் என்று சொல்கிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.